மகுடம் சூட்டும் சிறுபான்மை

கனடாவின் கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் சமூகப் பழைமைவாதிகளின் கை ஓங்கியது எப்படி, அதற்குக் கட்சி கொடுத்த விலை என்ன, அதன் பலன் கடைசியில் யார் தலையில் வந்து விழுகிறது?

2017-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் தேதி மாலை, டொராண்டோ விமான நிலையத்துக்கு அருகே ஒரு மாநாட்டு மண்டபத்தில் கூடியிருந்த கன்சர்வேட்டிவ் கட்சி அங்கத்தினர்கள், திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிக்கொண்டிருந்த எண்களை அண்ணாந்து பார்த்தவண்ணம் இருந்தார்கள். முன்னாள் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பருக்குப் பிறகு கட்சியை நடத்தப் போகிறவர் யார் என்பதை நிர்ணயிக்க 1,41,000-க்கும் மேற்பட்ட அங்கத்தினர்கள் அனுப்பிய வாக்குச் சீட்டுகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. முதல் சுற்றில் கியூபெக் மாகாணத்தவரான மாக்ஸிம் பெர்னியே ஏறக்குறைய 29 சதவீதம் பெற்று முந்தி நின்றார். முப்பத்தெட்டு வயதே ஆன ஆண்ட்ரூ ஷீர் 22 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கடைசியில் நின்றவர் கழிக்கப்பட்டார். அவருக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பமாக எவர் பெயர் குறிக்கப்பட்டிருந்ததோ அவர் கணக்கில் அவை சேர்ந்தன. பன்னிரண்டு சுற்றுகள் வரையில் பெர்னியேதான் முன்னணியில் நின்றார். பதின்மூன்றாவது சுற்றில், 50.95-க்கு 49.05 என்ற மயிரிழை வித்தியாசத்தில், ஷீர் தலைவரானார்.

அந்த இரவின் உண்மையான செய்தி மேடையில் மாலை சூடியவரிடம் இல்லை. நான்காம் இடத்தில் நின்ற பிராட் டிராஸ்டிடமும், ஏழாம் இடத்தில் நின்ற பியர் லெமியூவிடமும் இருந்தது. கருக்கலைப்பையும் தற்பாலினத் திருமணத்தையும் எதிர்ப்பதையே தங்கள் பிரசாரத்தின் முதல் வரியாக வைத்துக்கொண்ட இவ்விருவரும் முதல் சுற்றில் சேர்ந்து பெற்றது 16 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அவர்களுக்கு வாக்களித்தவர்கள், தம் ஆள் தோற்றால் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள். பொருளாதாரச் சுதந்திரம் ஒன்றையே மந்திரமாக ஜபித்த பெர்னியேயைவிட, ஐந்து குழந்தைகளின் தந்தையும் பக்தியுள்ள கத்தோலிக்கருமான ஷீர் அவர்களுக்கு நெருக்கமானவர். கியூபெக்கின் பால் பண்ணையாளர்கள், பால் உற்பத்திக் கட்டுப்பாட்டு முறையைக் கலைக்கப்போவதாகச் சொன்ன பெர்னியேயைத் தோற்கடிக்கவென்றே கட்சியில் சேர்ந்தார்கள் என்பதும் மெய்தான். சில நாட்களுக்குள் பத்திரிகையாளர் விருந்தொன்றில் ஷீர் மேடையிலேயே பால் டப்பாவைத் திறந்து குடித்துச் சிரிக்க வைத்தார். ஆயினும் பண்ணையாளர்களின் வேலை தேர்தல் இரவோடு முடிந்தது. டிராஸ்டுக்கும் லெமியூவுக்கும் வாக்களித்தவர்களின் வேலை அன்றுதான் ஆரம்பித்தது.

நாட்டு ஜனத்தொகையிலும் சரி, கட்சியின் அங்கத்தினர்களிடையிலும் சரி, சிறுபான்மையாகவே இருக்கும் ஒரு கூட்டத்தார், தங்களில் ஒருவரை அரியணையில் அமர்த்த இயலாவிட்டாலும், அமரப்போகிறவர் எவர் என்பதைத் தாங்களே தீர்மானிக்க முடியும் என்ற பாடத்தைக் கட்சி அன்று கற்றது. அந்தப் பாடத்தின் விளைவுகளே கடந்த சில ஆண்டுகளாகக் கனடாவின் வலதுசாரி அரசியலை ஆட்டிவைக்கின்றன.

ஹார்ப்பர் போட்ட கட்டு

பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருக்கலைப்பைக் குற்றமாக்கிய சட்டத்தைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1988-இல் மார்கன்டாலர் வழக்கில் ரத்து செய்தது. அதற்குப் பதிலாகப் பிரதமர் மல்ரோனியின் அரசாங்கம் கொண்டுவந்த மசோதா கீழ்ச்சபையைத் தாண்டி, 1991-இல் செனட்டில் 43-க்கு 43 எனச் சரிசமமாக வாக்குகள் விழுந்ததால் மாண்டது. அன்று முதல் இன்றுவரை அந்நாட்டில் கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் குற்றவியல் சட்டம் எதுவும் இல்லை. 2005-இல் தற்பாலினத் திருமணத்தை நாடு முழுவதும் அங்கீகரித்த உலகின் நான்காவது தேசமாகவும் கனடா ஆயிற்று.

மேற்கு மாகாணங்களின் ரிஃபார்ம் கட்சியிலிருந்து கிளைத்த கனேடியன் அலையன்ஸும், பழைய புரோகிரசிவ் கன்சர்வேட்டிவ் கட்சியும் 2003 டிசம்பரில் ஒன்றாக இணைந்து இன்றைய கட்சி பிறந்தபோது, முன்னதில் இருந்த சுவிசேஷக் கிறிஸ்தவர்களும் கத்தோலிக்கப் பழைமைவாதிகளும் அப்படியே புது வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அலையன்ஸின் தலைவராயிருந்த ஸ்டாக்வெல் டே, தம் மத நம்பிக்கைக்காக 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடெங்கும் பரிகசிக்கப்பட்டதைப் பார்த்தவர் ஹார்ப்பர். ஆகவே அவர் ஒரு கட்டுப் போட்டார். கருக்கலைப்பை ஒழுங்குபடுத்தும் எந்தச் சட்டத்தையும் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் ஆதரிக்காது என்ற வாசகம் 2005-ஆம் ஆண்டு மான்ட்ரியல் மாநாட்டில் கட்சியின் கொள்கையில் ஏறியது. தற்பாலினத் திருமண விவாதத்தை மீண்டும் திறக்கலாமா என்ற தீர்மானத்தை 2006 டிசம்பரில் வாக்குக்கு விட்டார். 175-க்கு 123 என அது தோற்றவுடன் அந்த அத்தியாயத்தையே மூடிவிட்டார்.

வாக்குகளை வாங்கிக்கொண்டு வாயை மூடச் சொல்லும் இந்த ஏற்பாடு, வெற்றி வந்துகொண்டிருந்த வரையில் தாக்குப்பிடித்தது. கருவில் இருக்கும் உயிர் எப்போது மனித உயிராகிறது என்பதை ஆராய ஒரு குழு வேண்டுமென்று 2012-இல் கட்சியின் உறுப்பினர் ஸ்டீபன் உட்வர்த் கொண்டுவந்த பிரேரணையை ஹார்ப்பரே எதிர்த்து வாக்களித்தார். அடுத்த ஆண்டு, பெண் சிசு என்று தெரிந்து கலைப்பதைக் கண்டிக்கும் பிரேரணையைக் கொண்டுவந்த மார்க் வாராவாவுக்கு, அதை வாக்கெடுப்புக்கு விடவும் அனுமதியில்லை, சபையில் அதைப்பற்றி ஒரு நிமிடம் பேசவும் இடமில்லை என்றாயிற்று. வாராவா சபாநாயகரிடம் எழுந்து நின்று முறையிட்டார். 2015-இல் ஹார்ப்பர் தோற்றார், கட்டும் அவிழ்ந்தது.

பெட்டிச் செய்தி: விதி செய்யும் வேலை

• கட்சித் தலைவரை அங்கத்தினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2017-இல் ஓராண்டுச் சந்தா 15 டாலர்.

• வாக்காளர் ஒருவரை மட்டும் குறிப்பதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி பெயர்களை எழுதுகிறார்.

• 2017-இலும் 2020-இலும் 338 தொகுதிகளுக்கும் தலா 100 புள்ளிகள். ஆக மொத்தம் 33,800. ஆயிரக்கணக்கான அங்கத்தினர் உள்ள ஆல்பர்ட்டாத் தொகுதிக்கும், சில டஜன் பேரே உள்ள கியூபெக் தொகுதிக்கும் ஒரே மதிப்பு.

• 2022-இல் இது திருத்தப்பட்டு, நூறு பேருக்குக் குறைவாக வாக்களித்த தொகுதிகளில் ஒரு வாக்குக்கு ஒரு புள்ளி என்றாயிற்று.

சிறு கூட்டம், பெரும் பலம்

இந்த விதிகளை எழுதியவர்கள் சமூகப் பழைமைவாதிகளை மனத்தில் வைத்து எழுதவில்லை. ஆனால் விதியைப் படிக்கப் பொறுமை உள்ளவனுக்கே அது அனுகூலம் செய்யும் என்பதை 1978-இல் தோன்றிய கேம்பெய்ன் லைஃப் கோயலிஷன் என்ற பழைய ஸ்தாபனமும், 2016-இல் இளைஞர்கள் தொடங்கிய ரைட்நவ் என்ற புதிய ஸ்தாபனமும் நன்கு உணர்ந்திருந்தன. ஒவ்வொரு வேட்பாளருடைய கடந்தகால வாக்குகளையும் பேச்சுகளையும் சோதித்து, ஆதரிக்கத் தக்கவர், தகாதவர் என்று பட்டியல் போடுவது முன்னதன் நெடுநாள் வழக்கம். தேவாலயத்துக்கு வரும் இளைஞனைத் தொகுதிக் கூட்டத்துக்கும் வரவைப்பது பின்னதன் தொழில்.

தொகுதிக் கூட்டத்தின் மகிமையை ஒன்டாரியோ மாகாணம் 2016 அக்டோபரில் கண்டது. நயாகரா மேற்கு–கிளான்புரூக் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது, மாகாணக் கட்சியின் நிர்வாகத் தலைவர் (பிரசிடென்ட்) பதவியில் இருந்தவரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான ரிக் டைக்ஸ்ட்ராவே வேட்பாளராக நிற்க முன்வந்தார். அவரை எதிர்த்து நின்றவர் சாம் ஊஸ்டர்ஹாஃப், வயது பத்தொன்பது, பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே பெற்றோர் படிப்பித்த பிள்ளை. திராட்சைத் தோட்டங்களும் டச்சுக் குடியேறிகளின் சீர்திருத்தத் திருச்சபைகளும் நிறைந்த அந்த வட்டாரத்தில், கட்சியின் பெரிய மனிதருக்குத் தெரிந்த பத்திரிகையாளர்களைவிட இந்தப் பையனுக்குத் தெரிந்த சபைக் குடும்பங்களே பயன்பட்டன. ஊஸ்டர்ஹாஃப் டைக்ஸ்ட்ராவை வீழ்த்தினார். நவம்பரில் தொகுதியையும் வென்று, ஒன்டாரியோ சட்டமன்ற வரலாற்றிலேயே மிக இளைய உறுப்பினரானார். பின்னர் வந்த பொதுத் தேர்தல்களிலும் வென்றுகொண்டே வந்தார்.

வேட்பாளர் தேர்வு என்பது லட்சக்கணக்கானோர் வந்து வாக்களிக்கும் காரியமன்று. குளிர்காலத்து வாரநாளில், ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில், வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டுப் போட்டுவிட்டுப் போகச் சில நூறு பேர் வந்தால், அதுவே அந்தத் தொகுதியின் விதி. பொருளாதாரப் பழைமைவாதிக்கு வரி குறைந்தால் போதும். அதற்காக அவன் குளிரில் வரமாட்டான். சிசுவின் உயிர் தன் ஆத்மாவின் பொறுப்பு என்று நம்புகிறவன் வருவான். இரு தட்டும் சமமாக நிற்கும் தராசில் ஒரு குன்றிமணியும் பாரந்தான். அந்தக் குன்றிமணி தவறாமல் வந்து ஏறும் என்ற நிச்சயந்தான் இந்தக் கூட்டத்தாரின் பலம் முழுவதும்.

தலைவர்களின் தர்மசங்கடம்

ஆனால் இவர்களால் முடிசூட்டப்பட்டவர் எவரும் அதன்பின் நிம்மதியாக இருந்ததில்லை. 2019 தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, 2005-இல் தற்பாலினத் திருமணத்தை எதிர்த்து ஷீர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையின் படக்காட்சியை ஆளும் லிபரல் கட்சி எடுத்து நாடெங்கும் உலவவிட்டது. கருக்கலைப்பைப் பற்றித் தம் சொந்த அபிப்பிராயம் என்ன என்ற நேரான கேள்விக்கு, முதல் பிரெஞ்சு மொழி விவாத மேடையில் ஷீர் நேரான விடை கூறவில்லை. கியூபெக்கில் அந்த மௌனமே விடையாக எடுத்துக்கொள்ளப்பட்டது. நாடு முழுவதும் லிபரல்களைவிட அதிக வாக்குகள் பெற்றும், 157-க்கு 121 என்று இடங்களில் தோற்றார். சமூக விவகாரங்கள் ஷீரின் கழுத்தில் தொங்கிய துர்நாற்றச் சுமை என்னும் பொருள்பட, கட்சியின் ஸ்தாபகர்களில் ஒருவரான பீட்டர் மக்கே பகிரங்கமாகப் பேசினார். டிசம்பரில் ஷீர் ராஜினாமாவை அறிவித்தார்.

அந்தச் சுமை என்ற வார்த்தையை, சுமை என்று அழைக்கப்பட்டவர்கள் மறக்கவில்லை. 2020 ஆகஸ்டில் நடந்த அடுத்த தலைவர் தேர்தலில் முதல் சுற்றில் முந்தியவர் மக்கேதான். ஆனால் சமூகப் பழைமைவாதிகளின் ஆதரவு பெற்ற இருவரில், ஜமைக்காவில் பிறந்து டொராண்டோவில் வழக்கறிஞரான லெஸ்லின் லூயிஸ் 20 சதவீதமும், டெரெக் ஸ்லோன் 14 சதவீதமும் எடுத்திருந்தார்கள். நாடாளுமன்றத்தில் ஒரு நாளும் உட்கார்ந்திராத லூயிஸ், இரண்டாவது சுற்றில் வாக்கு எண்ணிக்கையில் அனைவரையும் மிஞ்சினார். தொகுதிப் புள்ளிக் கணக்கு ஒன்றே அவரை மூன்றாம் இடத்தில் நிறுத்தியது. அவர் கழிந்ததும் அவருடைய சீட்டுகள் பெரும்பாலும் மற்றொரு வேட்பாளரான எரின் ஓட்டூலிடம் சேர, 57 சதவீதத்துடன் அவர் தலைவரானார். மக்கே அரசியலிலிருந்து ஒதுங்கினார்.

இனி ஓட்டூலின் முறை. மருத்துவர்களின் மனச்சாட்சி உரிமையைக் காப்பேன் என்று சொல்லி அந்த வாக்குகளைச் சேர்த்த அவர், தலைவரானதும் தாம் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர் என்பதை அழுத்திக் கூறினார். 2021 தேர்தலின்போது மனச்சாட்சி வாக்குறுதிக்கே வேறு வியாக்கியானம் கொடுத்தார். ஒருவருடைய பாலின நாட்டத்தை மாற்ற முயலும் சிகிச்சையைத் தடைசெய்யும் மசோதாவை அவ்வாண்டு ஜூனில் அவர் கட்சியின் 62 உறுப்பினர்கள் எதிர்த்திருந்தார்கள். தேர்தலுக்குப்பின் டிசம்பர் முதல் தேதி, அதைவிடக் கடுமையான மசோதா வாக்கெடுப்பே இல்லாமல் ஏகமனதாக ஒரே மூச்சில் நிறைவேற அவர் கட்சியினரே வழிவிட்டார்கள். இரண்டே மாதங்களில், 2022 பிப்ரவரி 2-ஆம் தேதி, கட்சியின் உறுப்பினர்கள் 73-க்கு 45 என வாக்களித்து அவரை இறக்கினார்கள். கார்பன் வரி, தடுப்பூசி, லாரிக்காரர்களின் போராட்டம் என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் டிசம்பரின் கோபம் அந்தக் கணக்கில் நிச்சயமாக இருந்தது. உறுப்பினர்கள் தலைவரை இவ்வாறு நீக்க வழிசெய்த சட்டம், வாராவா போன்ற பின்னிருக்கைக்காரர்கள் வாயடைக்கப்பட்ட அதிருப்திக் காலத்தில், சமூகப் பழைமைவாதியே அல்லாத மைக்கேல் சாங் இயற்றுவித்தது என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

பெட்டிச் செய்தி: சபையில் விழுந்த கணக்கு

• 2012, உட்வர்த் பிரேரணை: எதிராக 203, ஆதரவாக 91. ஆதரித்தவர்களில் மகளிர் நலத்துக்குப் பொறுப்பான அமைச்சர் ரோனா ஆம்ப்ரோஸும் ஒருவர்.

• 2021, பாலினம் அறிந்து செய்யும் கருக்கலைப்பைத் தடுக்க கேத்தி வாகன்டால் கொண்டுவந்த மசோதா: எதிராக 248, ஆதரவாக 82. ஆதரித்தவர்களில் 81 பேர் கன்சர்வேட்டிவ்கள்; தலைவர் ஓட்டூல் எதிர்த்தார்.

• 2023, கர்ப்பிணிகளைத் தாக்குவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்க அதே வாகன்டால் கொண்டுவந்த மசோதா: எதிராக 205, ஆதரவாக 113. இம்முறை தலைவர் போலியேவ் உட்பட வாக்களித்த கன்சர்வேட்டிவ்கள் அனைவரும் ஆதரவு.

ஸ்கார்பரோவும் பாடத்திட்டமும்

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை நெருங்கிவரும் இடம் ஒன்டாரியோ. 2015-இல் கேத்லீன் வின் தலைமையிலான மாகாண லிபரல் அரசாங்கம் பள்ளிகளுக்குப் புதிய உடல்நலப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் வகுப்பில் உடலுறுப்புகளை அவற்றின் முறையான பெயர்களாலேயே சொல்லிக் கொடுப்பது, மூன்றாம் வகுப்பில் இரண்டு தாய்மாரோ இரண்டு தந்தைமாரோ உள்ள குடும்பங்களையும் குறிப்பிடுவது, ஏழாம் வகுப்பில் கருத்தடை என்று அது படிப்படியாக அமைந்திருந்தது. டொராண்டோவின் தார்ன்கிளிஃப் பார்க் வட்டாரத்தில், பெரும்பாலும் தெற்காசியக் குடியேறிகளான பெற்றோர் தம் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். சிலர் பக்கத்துப் பூங்காவில் வைத்தே பாடம் நடத்தினார்கள். பின்னர் அந்தப் பள்ளி, முதல் வகுப்புக்கு, உறுப்புகளின் பெயரைச் சொல்லாமல் 'அந்தரங்கப் பாகங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிடும் ஒரு மாற்றுப் பாடத்தையும் ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

மாகாணத்தில் பழைய பெயரோடேயே இருந்துவந்த எதிர்க்கட்சியான புரோகிரசிவ் கன்சர்வேட்டிவ்களுக்கு இது வராது வந்த வாய்ப்பு. அக்கட்சியின் தலைமையை 2015 மே மாதத்தில் கைப்பற்றிய பாட்ரிக் பிரவுன், சமூகப் பழைமைவாதிகளின் துணையையும், தமிழர் உள்ளிட்ட குடியேறிய சமூகங்களில் திரட்டிய புதிய அங்கத்தினர்களின் துணையையும் ஒருங்கே பெற்றவர். மறு ஆண்டு ஸ்கார்பரோ–ரூஜ் ரிவர் இடைத்தேர்தல் வந்தது. லிபரல் கட்சிக்குப் பிரகல் திரு, புதிய ஜனநாயகக் கட்சிக்கு நீதன் சாண் என இரண்டு தமிழர்கள் போட்டியிட்ட அந்தத் தொகுதியில், பாடத்திட்டத்தை ரத்து செய்வேன் என்று பிரவுன் பெயரில் ஒரு கடிதம் ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் வீடு வீடாகப் போயிற்று. வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருக்கையில், அது தவறு, பாடத்திட்டத்தை ரத்து செய்யமாட்டேன் என்று பிரவுன் பத்திரிகைகளில் எழுதினார். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ரேமண்ட் சோ வென்றார். ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் கட்சிக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்தது.

2018-இல் பிரவுன் பதவி விலக நேர்ந்தபோது அந்தக் கனல் பற்றிக்கொண்டது. பாடத்திட்டத்தை எதிர்க்கும் பெற்றோர் அமைப்பொன்றின் தலைவியான டான்யா கிரானிக் ஆலன் தலைவர் போட்டியில் குதித்து முதல் சுற்றில் சுமார் 15 சதவீதம் எடுத்தார். அவர் விலகியதும் அந்த வாக்குகள் டக் ஃபோர்டிடம் சேர்ந்தன. மொத்த வாக்குகளில் சற்றுப் பின்தங்கியிருந்தும், புள்ளிக் கணக்கில் 50.6 சதவீதம் பெற்று ஃபோர்ட், கிறிஸ்டின் எலியட்டை முந்தினார். இரண்டு மாதம் கழிவதற்குள், பழைய பேச்சுகளைக் காரணம் காட்டிக் கிரானிக் ஆலனை வேட்பாளர் பட்டியலிலிருந்து ஃபோர்ட் நீக்கினார். ஜூனில் ஆட்சிக்கு வந்து, ஜூலையில் 2015 பாடத்திட்டத்தை ரத்துசெய்து பழைய பாடத்துக்குத் திரும்பினார். 2019 ஆகஸ்டில் வெளியான அவருடைய சொந்தப் பாடத்திட்டமோ, பாலின அடையாளத்தை எட்டாம் வகுப்புக்குத் தள்ளியதும், பெற்றோர் விரும்பினால் குழந்தையை விலக்கிக்கொள்ள முறையான வழி செய்ததும் தவிர, பெரும்பாலும் ரத்துசெய்யப்பட்டதன் மறுபதிப்பாகவே இருந்தது. ஏணியில் ஏறியவர் ஏணியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதே 2018 தேர்தலில் ஃபோர்டின் கட்சியில் விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும் வென்று சட்டமன்றம் சென்றார்கள். ஆயினும் தமிழர்கள் பாடத்திட்டத்துக்காகவே அக்கட்சிக்குப் போனார்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகிற, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஓயாமல் கவலைப்படுகிற ஈழத்தமிழ்ப் பெற்றோரிடம் இந்தப் பேச்சு எடுபடவே செய்தது. ஆனால் தமிழின அழிப்பு பற்றிய கல்வி வாரத்தை 2021-இல் சட்டமாக்கிய தணிகாசலத்தின் மசோதா போன்றவை அவர்கள் மனத்தில் வேறு எடை கொண்டவை. கூட்டாட்சித் தேர்தலில் 2015-இல் ஸ்கார்பரோ–ரூஜ் பார்க்கில் லிபரல் வேட்பாளர் கரி ஆனந்தசங்கரியிடம் தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர், பின்னாளில் சமூகப் பழைமைவாதிகளின் நட்சத்திரமான அதே லெஸ்லின் லூயிஸ்தான். குடியேறியவர் எல்லாரும் இயல்பாகவே பழைமைவாதிகள், ஆகவே நம்மவர்கள் என்று கட்சி வியூகக்காரர்கள் போடும் கணக்குக்கு ஸ்கார்பரோ கட்டுப்பட்டதில்லை.

வாசல் மாறியது

கருக்கலைப்பு என்ற வாசல் பூட்டியே கிடக்கிறது என்பதை அந்த இயக்கம் மெல்ல உணர்ந்தது. 2018-இல் ஹாலிஃபாக்ஸ் மாநாட்டில், ஹார்ப்பர் காலத்து வாசகத்தை நீக்கும் முயற்சி 53-க்கு 47 என்ற சதவீதக் கணக்கில் தோற்றது. திருமண வரையறையிலோ, 2016 வான்கூவர் மாநாட்டிலேயே 1,036 பிரதிநிதிகள் அதைக் கைவிட வாக்களித்துவிட்டார்கள், எதிர்த்தவர் 462. ஆனால் 'பெற்றோர் உரிமை' என்ற வாசல், தட்டியவுடன் திறந்தது. தேவாலயத்துக்குப் போகாதவருக்கும் பிள்ளை உண்டு. பள்ளியில் என்ன நடக்கிறதென்று அறிய விரும்பாத பெற்றோர் எந்த மதத்திலும் இல்லை. 2023 செப்டம்பரில் கியூபெக் நகர மாநாட்டில், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பாலின மாற்ற மருந்தும் அறுவையும் கூடாது என்ற தீர்மானத்தைப் பிரதிநிதிகளில் 69 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். அதே மாதம் 20-ஆம் தேதி கனடாவின் பல நகரங்களில், பள்ளிகளில் பாலின அடையாளம் பற்றிய பாடங்களை எதிர்த்து, முஸ்லிம் குடும்பங்களும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களும் தோளோடு தோள் நின்று ஊர்வலம் போனார்கள். எதிர் ஊர்வலங்களும் நடந்தன.

2022-இல் 68 சதவீத வாக்குகளுடன் முதல் சுற்றிலேயே தலைவரான பியர் போலியேவ், எந்தக் கூட்டத்தாருடைய இரண்டாவது விருப்பத்துக்கும் கடன்படாதவர். கருக்கலைப்பு உரிமையைத் தொடமாட்டேன் என்றே அவர் சொல்லிவருகிறார். ஆயினும் 2024 பிப்ரவரியில், சிறார்களுக்குப் பருவமடைதலைத் தடுக்கும் மருந்து கூடாதென்று அறிவித்தார். நிர்ப்பந்தம் இல்லாத தலைவரே தாமாக வந்து பேசும் அளவுக்கு அந்தப் பேச்சு கட்சியின் பொதுப்பேச்சாகிவிட்டது.

மாகாணங்களில் அது பேச்சோடு நிற்கவில்லை. நியூ பிரன்ஸ்விக் முதல்வர் பிளேன் ஹிக்ஸ் 2023-இல், பதினாறு வயதுக்குட்பட்ட மாணவர் பள்ளியில் தம் பெயரையும் தம்மைச் சுட்டும் பிரதிப்பெயரையும் மாற்றிக்கொள்ளப் பெற்றோர் சம்மதம் வேண்டுமென்றார். அமைச்சர் டோரதி ஷெப்பர்ட் ராஜினாமா செய்தார். கட்சியின் ஆறு உறுப்பினர்கள் சபையில் எதிர்த்து வாக்களித்தார்கள். சஸ்காச்சுவானில் ஓர் இடைத்தேர்தலில் புதிய வலதுசாரிக் கட்சியொன்று இரண்டாம் இடத்துக்கு வந்த சில நாட்களிலேயே ஸ்காட் மோவின் அரசாங்கம் அதே விதியைப் பிறப்பித்தது. நீதிபதி இடைக்காலத் தடை விதித்ததும், அக்டோபரில் சட்டமன்றத்தை முன்கூட்டியே கூட்டி, அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவைக் கையிலெடுத்துச் சட்டமாக்கியது.

ஆல்பர்ட்டாவின் டேனியெல் ஸ்மித்தின் கதை இன்னும் விசித்திரம். 2012-இல் அவர் தலைமையிலான வைல்ட்ரோஸ் கட்சியின் வேட்பாளர் ஒருவர், தற்பாலினத்தார் அக்கினிக் கடலில் வேவார்கள் என்று முன்பு எழுதியிருந்தது வெளிப்பட்டும், ஸ்மித் அவரை நீக்காததால் கைக்கு எட்டிய ஆட்சி நழுவிற்று என்று கூறப்பட்டது. அதே ஸ்மித் பின்னர் மாகாண முதல்வராகி, 2024 டிசம்பரில், சிறார்களின் பாலின மாற்றச் சிகிச்சை, பள்ளிப் பெயர்மாற்றம், பெண்கள் விளையாட்டு ஆகிய மூன்றிலும் நாட்டிலேயே மிகக் கண்டிப்பான சட்டங்களை நிறைவேற்றினார். பாலியல் பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோர் எழுதிக்கொடுத்த காலம் போய், சேர்க்கவே எழுதிக்கொடுக்க வேண்டும் என்றாயிற்று.

பெட்டிச் செய்தி: 33-ஆம் பிரிவு

1982 அரசியல் சாசனத்தின் உரிமைப் பட்டயத்தில் உள்ள இந்தப் பிரிவு, நாடாளுமன்றமோ மாகாணச் சட்டமன்றமோ, மத சுதந்திரம், பேச்சுச் சுதந்திரம், சமத்துவம் போன்ற சில உரிமைகளை மீறியும் ஒரு சட்டம் செல்லும் என்று பிரகடனம் செய்ய இடமளிக்கிறது. பிரகடனம் ஐந்தாண்டு வரை செல்லும், மீண்டும் புதுப்பிக்கலாம். வாக்குரிமை போன்ற சில உரிமைகளை இதனால் தொட முடியாது.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

கட்சிக்கு லாபமா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஹிக்ஸ் 2024 அக்டோபரில் ஆட்சியையும் தம் சொந்தத் தொகுதியையும் ஒருங்கே இழந்தார்; ஒரு வாரம் கழித்து மோ, இடங்கள் குறைந்தாலும் ஆட்சியைத் தக்கவைத்தார். 2025 ஏப்ரலில் போலியேவ் 41 சதவீத வாக்கும் 144 இடமும் பெற்றும் தோற்றதற்கு டிரம்பின் வரி மிரட்டலும் லிபரல்களின் புதிய தலைவராக மார்க் கார்னியின் வரவுமே முதற்காரணங்கள். அந்தப் பழியை இவர்கள் மேல் போடுவது நியாயமல்ல. ஆனால் தேர்தல்தோறும் லிபரல்கள், கருக்கலைப்பு உரிமைக்கு ஆபத்து என்று ஒரு முறை கூவுவதும், கன்சர்வேட்டிவ் தலைவர் இல்லை இல்லை என்று பத்து நாள் விளக்குவதும் சடங்காகிவிட்டன.

இயக்கத்துக்கு லாபமா என்றால், அங்கும் கணக்கு இழுபறிதான். கருக்கலைப்பை நேரடியாகத் தொட்ட ஒரு மசோதாவும் இருபது ஆண்டுகளில் சட்டமாகவில்லை. இரண்டு தலைவர்களை ஏற்றினார்கள். இருவரும் வென்றபின் விலகி நின்றார்கள். ஆனால் ஒவ்வொரு கைவிடலும் அவர்களைக் கலைக்கவில்லை. அடுத்த தொகுதிக் கூட்டத்துக்கு இன்னும் சிலரை அழைத்துவரவே செய்தது.

நஷ்டம் என்று நிச்சயமாகச் சொல்லத்தக்கது ஒரு சிறு கூட்டத்தாருக்கு: வீட்டில் சொல்ல அஞ்சிப் பள்ளியில் மட்டும் ஒரு பெயரால் அழைக்கப்பட விரும்பும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு. தம் பிள்ளை பற்றிய செய்தி தமக்கு முன்னால் ஆசிரியருக்குத் தெரிவது முறையா என்று கேட்கும் தாயின் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை காணும் பொறுப்பு, ஆசிரியரும் பெற்றோரும் மனநல மருத்துவரும் உட்கார்ந்து பேசும் அறையிலிருந்து, நீதிமன்றம் எளிதில் ரத்து செய்ய முடியாத சட்டப் பிரிவுக்கு மாற்றப்பட்டுவிட்டது. தலைவர் தேர்தலில் இவர்களுக்கு வாக்கில்லை, வயதும் இல்லை, இவர்களுடைய தொகையும் மிகச் சொற்பம். பெரிய கடனைத் தீர்க்க முடியாத கட்சி, சிறிய தவணையாக இவர்களைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்கிறது என்பதே இந்த விசாரணையின் முடிவு.

இதற்குச் சமூகப் பழைமைவாதிகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் சதி செய்யவில்லை. சந்தா கட்டினார்கள், கூட்டத்துக்கு வந்தார்கள், பத்துப் பெயர்களையும் யோசித்து வரிசைப்படுத்தினார்கள். கட்சி அவர்கள் வசமாகிவிட்டதென்று அங்கலாய்க்கும் மிதவாதிகள், அதே பதினைந்து டாலரைக் கட்டி, அதே குளிரில், அதே மண்டபத்துக்கு வந்திருக்கலாம்; பெரும்பாலோர் வரவில்லை. ஜனநாயகத்தில் பெரும்பான்மை என்பது நாட்டில் எத்தனை பேர் என்பதன்று, அந்த மண்டபத்தில் அன்று எத்தனை பேர் என்பதுதான். அதை மாற்ற விரும்புகிறவர்களுக்கு அடுத்த கூட்டத்தின் தேதி எப்போதும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுத்தான் இருக்கிறது.